பிரிக்காத பெட்டிக்கு எழுதிய மதிப்புரை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் கடைசி ஆண்டுகளில் நான் பொம்மைகளுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் விளையாடும் பொம்மைகள் அல்ல அவை. ஒரு வடிவமைப்பாளர் தன் கையெழுத்தையும் வரிசை எண்ணையும் இட்டுச் சில பிரதிகள் மட்டுமே வெளியிடுவார். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் திருப்பி வேண்டிய நிலையில் நிறுத்தலாம். வளர்ந்தவர்கள் அவற்றை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த நான், பகலில் கூலித் தொழிலாளர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினேன். மாலையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் வலைப்பூவில் இந்தப் பொம்மைகளைப் பற்றி எழுதினேன். இரண்டையும் ஒரே அக்கறையோடுதான் எழுதினேன். ஒரு பொருளை யார் செய்தார், யார் வாங்குகிறார், நடுவில் யாருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று கேட்காமல் நான் எதையும் மதிப்பிட்டதில்லை. பொம்மைக்குக்கூட இப்படி யோசிக்கிற ஒருவர் தமிழில் எழுதுகிறாரே என்று வாசகர்கள் வியந்தார்கள். அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பொம்மைகளை வாங்க என் சம்பளம் போதாது. பெங்களூரில் அவற்றை மட்டுமே விற்கும் ஒரு கடைக்காரர் எனக்குக் கூரியரில் அனுப்பிவைப்பார்; நான் எழுதி முடித்ததும் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். சேகரிப்பாளர்கள் உலகில் பிரித்த பெட்டி பாதிப் பெட்டி. ஆகவே பிரிக்காமலே மதிப்பிடும் ஒரு முறையை நான் வளர்த்துக்கொண்டேன். பெட்டியின் முகப்பில் ஒட்டிய கண்ணாடித் தாளின் வழியே டார்ச் அடித்து வண்ணப்பூச்சின் விளிம்புகளைப் பார்ப்பேன். பெட்டியை மெல்லச் சாய்த்து, மூட்டுகள் எழுப்பும் ஓசையிலிருந்து அவை இறுக்கமா தளர்வா என்று கணிப்பேன். பூதக்கண்ணாடியால் விரல் நகங்களையும் காதுமடலையும் ஆராய்வேன். இந்தக் கணிப்பு பெரும்பாலும் தவறியதில்லை. பெட்டியைப் பிரிக்காமல் எழுதுகிறேன் என்று வாசகர்களுக்கு நான் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை.

ஒரு நாள் மதிய உணவு வேளையில் என் அலுவலகத்துக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுள்ள ஒருவர் ஒரு பெட்டியோடு வந்தார். சிம்மக்கல்லில், மொத்தக் கடைகள் இருக்கும் ஒரு தெருவின் மாடியில், பல் செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். சொந்த ஊர் மேலூரைத் தாண்டி, கொட்டாம்பட்டிக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். அப்பா கிரானைட் குவாரியில் கல்லில் துளை போடுகிறவர். பொய்ப்பல் செய்யும் அக்ரிலிக்கையும் அச்சு வார்க்கும் கல்மாவையும் கொண்டு, வேலை முடிந்த நேரங்களில், இவர் ஒரு பொம்மை செய்திருந்தார். மொத்தம் இருபது பிரதிகள். எனக்குக் கொண்டுவந்தது மூன்றாவது.

பெட்டிக்குள் ஒரு குவாரித் தொழிலாளி நின்றிருந்தார். ஒரு சாண் உயரம். மடித்துக் கட்டிய கைலி, பொத்தான் போன சட்டை, கையில் துளைபோடும் இயந்திரம், அதிலிருந்து சுருண்டு கிடக்கும் காற்றுக்குழாய். தூசிக்காகக் கண்ணுக்குக் கீழே முகம் முழுவதையும் மூடிக் கட்டிய கட்டம்போட்ட துண்டு. நெற்றியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசி.

"எங்கய்யாண்ணே அது. அவரப் பாத்துத்தான் செஞ்சேன்" என்றார்.

பெங்களூர்க் கடைக்காரரை அவர் ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தார். பெட்டியைத் தொடக்கூட இல்லையாம் அந்த மனிதர். "மதுரைன்னதும் உங்களத்தாண்ணே சொன்னாரு. அவர் நல்லா எழுதுனா அலமாரியில ஒரு தட்டே ஒனக்குன்னாரு. இல்லேன்னா வராதேன்னுட்டாரு. லைட்டெல்லாம் போட்ட அலமாரிண்ணே. எங்கய்யாட்டச் சொல்லிட்டேன். அவரு இப்பவே பெங்களூர் போறதுக்குப் புதுச் சட்ட தச்சு வச்சிருக்காரு."

"பார்த்துட்டு எழுதறேன் தம்பி."

"பிரிச்சு, கையில எடுத்துப் பாருங்கண்ணே. பிரிக்கிறதுக்குத்தான் செஞ்சிருக்கேன்."

"பிரிச்சா மதிப்புப் போயிடும்."

"யாருக்குண்ணே?"

சேகரிப்பாளர்களின் வழக்கத்தை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டினார். தொழிலுக்குப் புதியவர், விதிகள் தெரியவில்லை என்றே அப்போது நினைத்தேன்.

அன்று மாலையே பெட்டியை வழக்கமான முறையில் ஆராய்ந்தேன். முழங்கை மூட்டில் லேசான தளர்ச்சி. வண்ணப்பூச்சு நேர்த்தி. ஆனால் என் மனம் அந்தத் துண்டின் மேலேயே நின்றது. அதே வாரத்தில் குவாரிகளில் நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடப்பவர்களைப் பற்றி ஓர் அறிக்கை முடித்திருந்தேன். அவர்களில் ஒருவருடைய முகத்தையும் எந்தச் செய்தித்தாளும் அச்சிட்டதில்லை. இங்கேயோ, அந்த உழைப்பைக் கண்ணாடி அலமாரிக்குக் கொண்டுபோக விரும்பும் ஒருவரே அந்த முகத்தை மூடிவிட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம் என்று நம்பினேன். அந்தக் கோபத்தில் என் மொழி எப்போதும் இல்லாத அளவுக்குக் கூர்மையாக வந்தது.

எழுதிய வரிகளில் சில இன்னும் நினைவிலிருக்கின்றன. 'இந்தத் தொழிலாளிக்கு முகம் இல்லை. கைலியின் மடிப்புக்கும் காற்றுக்குழாயின் சுருளுக்கும் கிடைத்த கவனம் ஒரு மனிதனின் முகத்துக்குக் கிடைக்கவில்லை.' 'தன் தந்தையைச் செய்யப் புறப்பட்டதாகச் சொல்லும் இவர், முகம் வரைக்கும் வந்ததும் கை நடுங்கித் துண்டைப் போட்டு மூடிவிட்டார். திறமைக் குறைவை அடக்கம் என்று நம்பி நாம் ஏமாற வேண்டியதில்லை.' 'பல் கட்டும் கூடத்தின் வாடை பெட்டிக்கு வெளியிலும் வீசுகிறது.' கடைசி வரி: 'வசதியானவர்கள் தங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ள ஒரு முகமில்லாத ஏழை தேவைப்பட்டால் இதை வாங்கலாம்; மனசாட்சி உள்ளவர்கள் வாங்க வேண்டாம்.'

அதுவரை நான் எழுதியவற்றில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டது அதுதான். பின்னூட்டங்களில் ஒருவர், பல்லுக் கட்டுகிறவன் பொம்மை கட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று எழுதினார். துண்டுக்குள்ளே பல் செட்டு இருக்கிறதா பாருங்கள் என்றார் இன்னொருவர். தரையில் போட்டால் கடிக்குமா என்று கேட்டார் வேறொருவர். கேலிகளை நீக்கும் வசதி எனக்கு இருந்தது. நீக்கவில்லை. அவையும் மக்கள் கருத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து என் நண்பன் பிரவுசிங் சென்டருக்கு வந்தான். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பம். இப்போது சேலை மொத்த வியாபாரம். மதுரையில் இந்தப் பொம்மைகளைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய மிகச் சிலரில் ஒருவன். என் மதிப்புரையைப் படித்து ஆர்வம் வந்து, சிம்மக்கல் லேபுக்கே போய் ஒன்று வாங்கியிருந்தான். பெட்டி இல்லாமல், சட்டைப் பையிலிருந்து பொம்மையை எடுத்து விசைப்பலகையின் மேல் நிறுத்தினான்.

"பெட்டிய என்ன பண்ணின?" என்றேன் பதறி.

"கெடக்கு எங்கயோ. இந்தத் துண்டப் பாரு மாப்ள. பிரிண்ட்டுன்னு நெனச்சேன். இல்ல, நெசவு. இம்புட்டூண்டு துண்டுல ஒவ்வொரு கட்டமும் தனி இழை. எங்கப்பாட்டக் காட்டுனேன். இழை எண்ணணும், அவுத்துக் குடுன்னாரு. அவுத்தேன்."

துண்டின் முடிச்சு பின்கழுத்தில் இருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தான்.

உள்ளே முகம் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. வாய் முழுவதுமாகத் திறந்த சிரிப்பு. என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத அந்த வாய்க்குள் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தது. மேல்வரிசையில் ஒன்று இல்லை; அந்த இடத்தில் ஈறு சற்று உள்வாங்கியிருந்தது. கீழே இரண்டில் புகையிலைக் கறை. கன்னம் மேலேறியதில் கண்ணோரம் விழுந்த கோடுகளில் தூசி படியாமல் தோலின் நிறம் தெரிந்தது. வருடக்கணக்கில் மனித வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய முகம். பெங்களூரிலிருந்து எனக்கு வந்த எந்த வெளிநாட்டுப் பொம்மையிலும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"நீ பிரிக்கவே இல்லையாடா?" என்றான் நண்பன்.

நான் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"அடப்பாவி. நீ பொண்ணு பாக்கப் போனாலும் ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் பாப்ப போல. டார்ச் வேற அடிப்ப." உரக்கச் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் சொன்னான்: "இப்பவே எழுது மாப்ள. பாக்காம எழுதிட்டேன்னு எழுது. அந்தாளு பாவம்."

எழுதுவதற்கு நான் உட்கார்ந்தேன் என்பது உண்மை. பிறகு விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். அது என் பழக்கம். ஒரு பெட்டியைப் பிரிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் எல்லாப் பெட்டிகளையும் பற்றிக் கேட்பார்கள். இதுவரை எழுதிய எதையும் நம்ப மாட்டார்கள். பொம்மைகளைச் செய்யும் தூரதேசத் தொழிற்சாலைகளின் நிலைமையைப் பற்றி நான் எழுதியவையும் அதோடு சேர்ந்து மதிப்பிழக்கும். ஒருவருக்கு நேர்ந்த சிறிய அநீதியையும் பலருக்குப் பயன்படும் ஒரு குரலின் நம்பகத்தன்மையையும் தராசில் வைத்தேன். எந்தத் தட்டு தாழும் என்பது வைக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

"அண்ணே, திட்டுனதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். துண்டு அவுறும்னு ஒரு வரி மட்டும் சேத்துருங்கண்ணே. ஒரே வரி. பெங்களூர்க்காரரு அத மட்டும் படிச்சாப் போதும், பிரிச்சுப் பாத்துருவாரு."

"சேர்க்கிறேன்" என்றேன்.

சேர்த்தேன். ஒரு வரி அல்ல, ஒரு பின்குறிப்பு. துண்டுக்குக் கீழே ஒரு முகம் இருப்பதை வாசகர் ஒருவர் கவனத்துக்குக் கொண்டுவந்தார் என்று தொடங்கியது அது. அதன்பின் இப்படி எழுதினேன்: 'ஆனால் இது என் கருத்தை மாற்றவில்லை, வலுப்படுத்தவே செய்கிறது. காசு கொடுத்து வாங்கி, முடிச்சை அவிழ்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் முகம், தொழிலாளியின் முகம் அல்ல. வாங்கியவரின் தனிப்பட்ட வேடிக்கை. அந்த முகம் சிரிக்கவும் செய்கிறது. நுரையீரல் முழுவதும் கல்தூசியை வைத்திருக்கும் மனிதனைச் சிரிக்கவைத்திருப்பது, வாங்குபவரின் குற்றவுணர்வைத் துடைக்கும் மலிவான தந்திரம். முகத்தை மூடியது திறமைக் குறைவு என்று முன்பு எழுதினேன். திருத்திக்கொள்கிறேன். அது வியாபாரம்.'

அந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன். ஏழையின் சிரிப்பை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை நான் எழுதியது அந்த உண்மைக்காக அல்ல. பெட்டியைப் பிரிக்காதது வெளியே தெரியாமல் இருப்பதற்காக எழுதினேன். பின்குறிப்புக்கு முதல் மதிப்புரையைவிட அதிகப் பாராட்டு வந்தது. நண்பன் மட்டும் ஒரு பின்னூட்டம் போட்டான்: 'அவுத்தது நான். பாக்காம எழுதினது நீ.' அதை நீக்கினேன். நீக்கும் வசதியை நான் பயன்படுத்தியது அந்த ஒருமுறைதான். அவன் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் பெங்களூர்க் கடைக்காரர் கூப்பிட்டார். தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர், நேரான மனிதர். உள்ளே நல்ல முகம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். "நீங்க சொல்லுங்க சார். எடுக்கலாமா, வேண்டாமா? நீங்க ஓகேன்னா பத்துப் பீஸ் எடுக்கிறேன். எழுதினதை மாத்த வேண்டாம். என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

யாருக்கும் தெரியாமல் ஒரே சொல்லில் சரிசெய்யும் வாய்ப்பு அது. ஆனால் அந்தப் பொம்மை அவருடைய அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் நின்றால், வருகிறவர் ஒவ்வொருவரும் துண்டை அவிழ்ப்பார். அவிழ்த்தவர் ஒவ்வொருவரும் என் மதிப்புரையை நினைப்பார்.

"வேண்டாம்" என்றேன். "மூட்டும் தளர்வு."

முடிவை நானே நேரில் சொல்லிவிடுவது கண்ணியம் என்று தோன்றியது. பெட்டியை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனேன். மாடி லேபில் அவர் யாருடைய கீழ்த்தாடைப் பல் செட்டையோ சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் எடுக்க மாட்டார் என்று சொன்னேன். சக்கரத்தை நிறுத்தினார். நான் நீட்டிய பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூடியில் தானே ஒட்டிய மெழுகு முத்திரை உடையாமல் இருந்ததைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"எங்கய்யா சிரிக்கக் கூடாதாண்ணே?"

"அப்படிச் சொல்லலை தம்பி. நான் சொல்ல வந்தது ஒரு பெரிய பார்வையில..."

"எனக்குப் புரியலண்ணே. பத்துத் தடவ படிச்சுட்டேன். திட்டுறீங்கன்னு மட்டும் புரியுது, எதுக்குன்னு புரியல. எங்கய்யா தெனமும் எப்பக் கூட்டிட்டுப் போறன்னு கேக்குறாரு. நீங்க படிச்சவுக. நீங்களே வந்து அவர்ட்டச் சொல்லிருங்கண்ணே. எழுதுனத அப்பிடியே வாசிச்சுக் காட்டிருங்க."

இதில் கிண்டல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டார். தொழிலாளர்களிடம் நேரில் பேசி விளங்கவைப்பது என் தொழில். அதில் எனக்குத் தன்னம்பிக்கையும் இருந்தது. அந்தத் தந்தையின் நலனுக்காகத்தான் எழுதினேன் என்பதை அவரிடமே சொல்லிப் புரியவைத்துவிட்டால், என் மனதிலிருந்த உறுத்தலும் போய்விடும் என்று எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை காலை மதிப்புரையையும் பின்குறிப்பையும் அச்செடுத்துக்கொண்டு மேலூர் பஸ்ஸில் ஏறினேன். மேலூரிலிருந்து மகன் என்னைத் தன் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் அவருடைய அப்பா எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு, தான் ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பெங்களூருக்கென்று தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். நான் நல்ல செய்தி கொண்டு வருவதாக நினைத்திருக்க வேண்டும்.

"வாங்க தம்பி. இவென் ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பான்."

முன்னுரையாகச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு வாசித்தேன். அவர் குனிந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, ஒரு காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். முடித்ததும் நிமிர்ந்தார்.

"அந்தக் கடைக்காரரு என்னையப் பாத்தாரா?"

"இல்லைங்கய்யா. நான் எழுதினதைப் படிச்சார்."

"நீங்க பாத்தீகளா?"

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி வழியாப் பார்த்தேன்."

"ம்." தலையை அசைத்தார். "யாரும் வாங்கக் கூடாதுன்னு எழுதிருக்கீக. அதான?"

"உங்களுக்கு மரியாதை கிடைக்கணும்னுதான் ஐயா. உங்க உழைப்பை யாரும் அலமாரியில வெச்சு வேடிக்கை பார்க்கக் கூடாதுன்னுதான்."

"எங்க மேல உள்ள அக்கறையில எழுதிருக்கீக." அதை அவர் நம்பிச் சொன்னாரா, விருந்தாளி என்பதற்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. "பாதி கேக்கல தம்பி. கம்ப்ரசர் சத்தத்துல காது மந்தமாப் போச்சு. இன்னொருக்கா மொதல்லருந்து வாசிங்க. சத்தமா."

"வேணாம்யா, விடுங்க" என்றார் மகன்.

"நீ சும்மா இர்றா. அவுக அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காக. வாசிக்கட்டும்."

நான் மறுத்திருக்கலாம். தாள்களை மடித்துவைத்துவிட்டு, பார்க்காமல் எழுதியதுதான் காரணம் என்று அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லையும் விடாமல் உரக்க வாசித்தேன். கூட்டங்களில் பேசிப் பழகிய குரல் அது, தெருவரைக்கும் போனது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவரோடு குவாரியில் வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும், மூன்று பேர் வந்து மரத்தடியில் நின்றார்கள். இந்தத் தொழிலாளிக்கு முகம் இல்லை என்ற வரியை நான் வாசித்தபோது, அவர்கள் எல்லாரும் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். அவர் காதை என் பக்கம் வைத்தபடியே, அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.